மின்னஞ்சலுக்கு ஒரு கைவரைபு

களனி கங்கை பெருகும் நாட்களில் கொழும்பு மக்கள் வானொலியில் எதிர்பார்த்திருப்பது ஓர் எண்ணைத்தான்: நாகலகம் வீதி நீரளவுமானியில் எத்தனை அடி? மணிக்கு மணி அந்த எண்களைத் தாளிற் குறித்து ஒரு கோட்டால் இணைத்துவிட்டால், ஆறு ஏறுகிறதா வடிகிறதா என்பது சிறுபிள்ளைக்கும் விளங்கும். நாம் உறவினருக்கு எழுதும் மின்னஞ்சலும் அவ்வாறே பெருகி வற்றும் ஓர் ஆறுதான். அதற்கும் வீட்டிலிருந்தபடியே ஒரு வரைபு கீறலாம் என்பதே இன்று நாம் பார்க்கவிருக்கும் செய்தி.

நமது பிரபந்த வகைகளுள் தூது ஒன்று. கிளியையும் முகிலையும் நெஞ்சையும் தூதாக அனுப்பினர் புலவர். தமிழையே அனுப்பியது தமிழ்விடு தூது. தலைவியின் ஏக்கமெல்லாம் அங்கே உண்டு. மறுமொழி எத்தனை நாளில் வந்தது என்ற கணக்குத்தான் இல்லை.

அந்தக் கணக்கைப் பார்த்தவர்கள் விஞ்ஞானிகள். சார்ள்ஸ் டார்வின் எழுதிய 7,591 கடிதங்களையும், ஐன்ஸ்டைன் எழுதிய 14,500க்கு மேற்பட்ட கடிதங்களையும், அவர்களுக்கு வந்தவற்றையும் ஒலிவெய்ரா, பராபாசி என்னும் இரு ஆய்வாளர்கள் நாள்வாரியாக ஆராய்ந்து, 2005இல் 'நேச்சர்' சஞ்சிகையில் எழுதினர். இருவருமே பாதிக்கு மேற்பட்ட பதில்களைப் பத்து நாட்களுக்குள் எழுதிவிட்டார்கள். எஞ்சியவற்றுள் சில மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் காத்துக் கிடந்தன. பேரறிஞர் மேசையிலும் பதிலெழுதாத கடிதம் இருந்திருக்கிறது என்பது நமக்கு ஓர் ஆறுதல்!

மின்னஞ்சலுக்கு வருவோம். கணித அறிஞர் ஸ்டீபன் வுல்பிரம் 1989 முதல் தாம் அனுப்பிய மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட மின்னஞ்சல்களை 2012இல் ஒரு படமாக்கி வெளியிட்டார். கிடை அச்சில் ஆண்டுகள். நிலைக்குத்து அச்சில் நாளின் மணிகள். மின்னஞ்சல் ஒன்றுக்கு ஒரு புள்ளி. புள்ளியில்லாத வெள்ளைப் பட்டை அவர் உறங்கிய நேரம். எழுதியதைக் குறித்த படத்தில் எழுதாததும் தெரிந்துவிட்டது.

அது கணினி கீறிய படம். கையால் கீறியோரும் உண்டு. நியூயோர்க்கில் வாழ்ந்த ஜோர்ஜியா லூப்பியும் இலண்டனில் வாழ்ந்த ஸ்டெபனி பொசாவெக்கும், 2014 முதல் 52 வாரங்கள், தத்தம் அன்றாட வாழ்வில் ஏதேனும் ஒன்றை எண்ணி, அதை அஞ்சலட்டையில் வர்ணப் படமாகக் கீறி ஒருவருக்கொருவர் அனுப்பினர். அந்த அட்டைகள் இன்று நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ளன.

நமது வீட்டுக்கு இதைக் கொண்டுவருவது எளிது. வெள்ளவத்தையில் ஒரு தாய், ரொறன்ரோவில் மகள் என்று வைத்துக்கொள்வோம். சதுரக்கோடிட்ட கொப்பியின் நடுவே ஒரு கிடைக்கோடு. அதில் பன்னிரண்டு மாதங்கள். தாய் அனுப்பிய ஒவ்வொரு மின்னஞ்சலுக்கும் கோட்டுக்கு மேலே ஒரு சதுரம். மகளிடமிருந்து வந்ததற்குக் கீழே ஒரு சதுரம். இரண்டுக்கும் வெவ்வேறு வர்ணப் பென்சில். ஆண்டுக்கொரு பக்கமாகக் கீறினால், பேரப்பிள்ளை பிறந்த மாதம் கோபுரமாய் நிற்கும். வேறொரு மாதம் வெறுமையாய்க் கிடக்கும்.

கணினி நொடியில் செய்வதை நாம் ஏன் கையால் செய்யவேண்டும்? ஒரு சதுரத்துக்கு வர்ணமிட ஒரு கடிதத்தைத் திறக்கவேண்டியிருக்கிறது. திறந்தால் வாசிக்கவும் வேண்டியிருக்கிறது. இங்கே எண்ணுவதும் மறுவாசிப்பும் ஒன்றாகிவிடுகின்றன.

ஆனால் ஓர் எச்சரிக்கை. சதுரங்கள் குறைந்தால் அன்பு குறைந்தது என்று பொருளல்ல. கடிதம் நின்ற ஆண்டில் வட்ஸ்அப் அழைப்புத் தொடங்கியிருக்கலாம். மகளுக்கு இரவு வேலை கிடைத்திருக்கலாம். வரைபு மௌனத்தின் அளவைக் காட்டும், காரணத்தைக் காட்டாது. காரணத்தை அந்த மகளிடந்தான் கேட்கவேண்டும். கேட்பதற்கு ஒரு வாய்ப்பைத் தருவதே வரைபின் பெரும்பயன் எனலாம்.

இதற்கு அவசரமும் உண்டு. 1983க்குப் பின் பிள்ளைகளைக் கடல்கடந்து அனுப்பிய குடும்பங்கள் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அநேகம். அந்நாளைய நீல வான்கடிதங்கள் றங்குப்பெட்டியில் இருந்தால், கரையான் அரிக்காதவரை இருக்கும். மின்னஞ்சலின் நிலை வேறு. இரண்டாண்டு பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை அழிக்கலாம் என்ற விதியைக் கூகுள் நிறுவனம் 2023 டிசம்பர் முதல் நடைமுறைப்படுத்தத் தொடங்கியது. கணக்குக்குரியவர் கண்மூடி, கடவுச்சொல்லும் அவரோடு போய்விட்டால், ஒரு குடும்பத்தின் இருபதாண்டுக் கடிதங்கள் ஓசையின்றி மறைந்துவிடலாம்.

ஆகவே, பென்சிலை எடுக்குமுன் முக்கியமான மின்னஞ்சல்களைப் பிரதியெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு கொப்பி, இரண்டு வர்ணங்கள், ஒரேயோர் உறவு. வெறுமையாய்க் கிடக்கும் மாதம் இந்த மாதமாக இருந்தால், அதற்குரிய சதுரத்தை இன்றிரவே நிரப்பிவிடலாம்.