பாண்டியன் கோப்பையில் கிரேக்க ஒயின்... மதுரை மொட்டைமாடியில் ஒரு யவன விருந்து வைப்போமா?

மதுரை, மேலப்பெருமாள் மேஸ்திரி வீதி. சாயங்காலம் ஏழு மணி. ரயில்வே ஸ்டேஷனிலிருந்து முதுகுப்பையோடு நடந்துவரும் வெளிநாட்டுப் பயணிகளைப் பார்த்திருப்பீர்கள். லாட்ஜில் பையைப் போட்டுக் குளித்ததும் அவர்கள் தேடுவது ஒன்றைத்தான். மொட்டைமாடியில் உட்கார்ந்து, மீனாட்சியம்மன் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிட ஓர் இடம்.

சரி, அந்த மாடியில் ஒருநாள் தோசைக்குப் பதிலாகக் கிரேக்கச் சாப்பாடு போட்டு, ஒவ்வொரு தட்டுக்கும் பொருத்தமான ஒயின் கொடுத்தால் எப்படி இருக்கும்? 'மதுரைக்கும் கிரீஸுக்கும் என்னப்பா சம்பந்தம்?' என்று வீட்டில் மாமா கேட்பார். தைரியமாகச் சொல்லுங்கள்: "மாமா, இது மதுரைக்குப் புதுசு இல்ல. ரெண்டாயிரம் வருஷப் பழசு!"

நக்கீரர் சொன்ன சாட்சி

புறநானூற்றின் 56-வது பாட்டைப் பாடியவர் மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார். பாடப்பட்டவர், பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன். அதில் புலவர் ராஜாவை வாழ்த்துவது செம ஸ்டைல். யவனர்கள் நல்ல கலத்தில் கொண்டுவந்த, குளிர்ந்த, வாசனையான மதுவை, வளையல் அணிந்த பெண்கள் பொற்கிண்ணத்தில் ஏந்திக் கொடுக்க, நாளும் குடித்து மகிழ்ந்து வாழ்க என்கிறார். 'கலம்' என்பது கப்பலா, குப்பியா என்று உரைகாரர்கள் ஆளுக்கொரு பொருள் சொல்வதுண்டு. எப்படிப் பார்த்தாலும் சரக்கு கடல் கடந்து வந்தது என்பதில் சந்தேகமில்லை.

'யவனர்' யார்? கிரேக்கர்களில் ஒரு பிரிவினரான அயோனியர்களின் பெயரிலிருந்து வந்த சொல் இது. முதலில் கிரேக்கர்களைக் குறித்தது. பிறகு ரோமானியர், மேற்கிலிருந்து கப்பலேறி வந்த மற்றவர்கள் என எல்லோருக்கும் பொதுப்பெயர் ஆகிவிட்டது. அவர்கள் வணிகத்துக்கு மட்டும் வரவில்லை. மதுரைக் கோட்டை வாசலில் வாளோடு காவல் நின்ற யவனர்களைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது.

அந்தப் பக்கத்துச் சாட்சியும் உண்டு. கி.பி. முதல் நூற்றாண்டில் பிளினி, கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளி 'மொதுரா' என்ற ஊரில் பாண்டியன் ஆள்கிறான் என்று எழுதினார். அடுத்த நூற்றாண்டில் தாலமியின் புவியியல் நூலிலும் மதுரை வருகிறது. பெயர் தெரியாத ஒரு கிரேக்க மாலுமி எழுதிய 'எரித்ரேயக் கடல் பெரிப்ளஸ்' என்ற பயணக் கையேடு, முசிறிப் பக்கத் துறைமுகங்களில் இறங்கிய சரக்குப் பட்டியலைத் தருகிறது. பவளம், செம்பு, ஈயம், கண்ணாடி, நாணயம் என்று போகும் பட்டியலில் ஒயினும் இருக்கிறது. ஆனால், 'அதிகமில்லை' என்கிறார். அதாவது, இது எல்லோருக்கும் கிடைத்த பானம் இல்லை. அரண்மனை ஐட்டம்!

மண்ணுக்குள் கிடைத்த ஜாடி

பாட்டை மட்டும் நம்ப வேண்டியதில்லை. 1945-ல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டை மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது, மத்தியதரைக் கடல் பகுதியின் மது ஜாடித் துண்டுகள் வெளியே வந்தன. இரண்டு கைப்பிடி, கூர்மையான அடிப்பகுதி கொண்ட இந்த ஜாடிக்கு 'ஆம்போரா' என்று பெயர். அவற்றில் நிறைய துண்டுகள் கிரீஸின் கோஸ் தீவு ஜாடி வகையைச் சேர்ந்தவை எனப் பிற்காலத்தில் ஆய்வாளர்கள் அடையாளம் கண்டார்கள்.

கோஸ் தீவு ஒயினில் ஒரு விசேஷம். அதில் கடல்நீரைக் கலப்பார்கள். 'அய்ய...' என்கிறீர்களா? கெடாமல் இருக்கவும் சுவைக்காகவும் செய்த வேலை அது. நாம் ஊறுகாய்க்கு உப்பு தூக்கலாகப் போடுகிறோமே, அந்தக் கணக்கு.

மதுரைக்காரர்களுக்கு இன்னும் பக்கத்திலேயே தடயம் இருக்கிறது. வைகை கடலில் சேரும் இடத்திலிருக்கும் அழகன்குளத்தில் ரோமானிய நாணயங்களும் ஆம்போராத் துண்டுகளும் கிடைத்தன. மதுரையில் வைகை ஆற்று மணலிலேயே சின்னச் சின்ன ரோமானியச் செப்புக்காசுகள் கிடைத்திருக்கின்றன. விருந்தாளிகளைக் காலையில் கீழடி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போங்கள். மதுரையிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர்தான். சங்ககால வைகைக்கரை ஊர் எப்படி இருந்தது என்று பார்த்துவிட்டு வந்தால், ராத்திரி விருந்தின் ருசியே வேறு.

கிரேக்கர்கள் எப்படிக் குடித்தார்கள்?

'சிம்போசியம்' என்றால் இன்று கருத்தரங்கம். பழைய கிரீஸில் அதற்கு 'சேர்ந்து குடிப்பது' என்று பொருள். அதற்குச் சில ரூல்ஸ் உண்டு. முதலில் சாப்பாடு, அது முடிந்த பிறகுதான் ஒயின். ஒயினை அப்படியே குடிக்க மாட்டார்கள். 'கிரேட்டர்' என்ற பெரிய கிண்ணத்தில் தண்ணீர் கலந்துதான் ஊற்றுவார்கள். தண்ணீர் கலக்காமல் குடிப்பது நாகரிகம் தெரியாதவர்கள் வேலை என்பது அவர்கள் எண்ணம். எவ்வளவு தண்ணீர் என்பதை முடிவு செய்ய ஒருவரைத் தலைவராகப் போடுவார்கள். ஸோ, நோக்கம் போதையில் விழுவது இல்லை. பேச்சு நடக்க வேண்டும், பாட்டு நடக்க வேண்டும்.

விருந்தாளிகள் தலையில் பூவும் இலையும் சூடிக்கொள்வது இன்னொரு வழக்கம். இதைப் படித்ததும் உங்களுக்கு என்ன தோன்றியிருக்கும்? அதேதான். புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லியை விட்டால் இதற்கு வேறென்ன பொருத்தம்!

மிளகாய்க்கு லீவு

இப்போது சமையலுக்கு வருவோம். ஒயின் பேரிங் என்பது பெரிய வித்தை இல்லை. நான்கு விஷயம் தெரிந்தால் போதும்.

* புளிப்பான ஒயின், உப்பும் எண்ணெயும் உள்ள சாப்பாட்டோடு நன்றாகப் போகும். பஜ்ஜியோடு எலுமிச்சைச் சாறு போகிற மாதிரி.
* சிவப்பு ஒயினில் துவர்ப்பு இருக்கும். அது ஆட்டுக்கறியின் கொழுப்போடு சேரும்போது மென்மையாகத் தெரியும்.
* அதே துவர்ப்பும் ஆல்கஹாலும் மிளகாயோடு சேர்ந்தால் நாக்கு இன்னும் எரியும்.
* காரத்துக்கு லேசாக இனிக்கும், நன்கு குளிரவைத்த வெள்ளை ஒயின் தோது.

மூன்றாவது பாயின்ட்தான் மதுரையில் பிரச்னை. சுக்காவும் கறிதோசையும் மிளகாய் இல்லாமல் எப்படி? இங்கேதான் நன்மாறன் கை கொடுக்கிறார். அவர் காலத்தில் மதுரையில் மிளகாய் கிடையாது, தக்காளி கிடையாது, உருளைக்கிழங்கு கிடையாது. மூன்றும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுகீசியர் காலத்துக்குப் பின் இங்கே வந்தவை. அன்றைக்கு உறைப்பு என்றால் மிளகுதான். அந்த மிளகைத் தேடித்தான் யவனர்களே வந்தார்கள். ஆக, மிளகாய்க்கு ஒரு ராத்திரி லீவு கொடுங்கள். மெனுவும் சரித்திரத்துக்குப் பக்கத்தில் போகும், ஒயினும் பொருந்தும்.

மாடியில் இலை போடலாமா?

முதல் தட்டு: ஜட்ஸிகி. பயப்படாதீர்கள், நம் வெள்ளரிக்காய்த் தயிர்ப்பச்சடியின் சித்தப்பா மகன். தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, துருவிப் பிழிந்த வெள்ளரி, பூண்டு, புதினா, ஆலிவ் எண்ணெய் சேர்த்தால் ரெடி. கூடவே, பயறை வேகவைத்து மசித்து எண்ணெயும் வெங்காயமும் போடும் 'ஃபாவா'. நம் பருப்பு மசியல்தான் அது.

இரண்டாவது தட்டு: கணவாய். பாம்பன், ராமேஸ்வரம் பக்கமிருந்து வருவதை வாங்கி, உப்பும் எண்ணெயும் தடவி, அதிகச் சூட்டில் சட்டென்று வாட்டி எடுங்கள். நேரமானால் ரப்பர்! கிரீஸில் இதற்கு சாண்டோரினித் தீவின் 'அஸிர்ட்டிகோ' என்ற புளிப்பான வெள்ளை ஒயின் ஊற்றுவார்கள். இங்கே அது சுலபத்தில் கிடைக்காது. நாசிக் பக்கம் தயாராகும் சாவிஞோன் பிளாங் அந்த இடத்தை நிரப்பும்.

மூன்றாவது தட்டு: ஆட்டுக்கறி. கம்பியில் கோத்துச் சுடும் 'சுவ்லாகி'யை, மிளகும் பூண்டும் மட்டும் போட்டுச் செய்யுங்கள். இதற்குச் சிவப்பு ஒயின். 'சிவப்பு ஒயினை ரூம் டெம்பரேச்சரில் கொடு' என்று படித்திருப்பீர்கள். அது ஐரோப்பாவின் குளிர் அறை. மதுரை மொட்டைமாடியில் ராத்திரியிலும் வெக்கை அடிக்கும். அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுங்கள்.

கடைசித் தட்டு: 'பாஸ்டெலி'. எள்ளும் தேனும் சேர்த்து வெட்டிய துண்டு. கடித்துப் பார்த்தால் 'அட, நம்ம எள்ளுமிட்டாய்!' என்பீர்கள்.

கம்பத்திலிருந்து ஒரு சொந்தக்காரன்

இந்த விருந்தின் ஹீரோ தேனி மாவட்டத்தில் இருக்கிறான். கம்பம் பன்னீர் திராட்சை. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற இது, 'மஸ்கட் ஹாம்பர்க்' ரகம். இதே ரகம் கிரீஸின் தெசாலிப் பகுதியில், டிர்னவோஸ் ஊரைச் சுற்றிலும் விளைகிறது. அங்கே அதில் ஒயின் செய்கிறார்கள். நாம் பழமாகச் சாப்பிடுகிறோம், ஜூஸ் போடுகிறோம்.

அதனால் ஒயின் குடிக்காத விருந்தாளிக்கு டப்பா கூல்டிரிங்க் நீட்ட வேண்டாம். பன்னீர் திராட்சைச் சாற்றை வடிகட்டி, நன்கு குளிரவைத்து, அதே மாதிரி கண்ணாடிக் கோப்பையில் கொடுங்கள். கிரேக்கர்களைப் போல அதிலும் கொஞ்சம் தண்ணீர் கலந்தால் திகட்டாது. திராட்சை இலையில் சோறு வைத்து மடிக்கும் 'டோல்மாடஸ்' செய்ய ஆசையா? தோட்டக்காரரிடம் மருந்து அடிக்காத இலை இருக்கிறதா என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும். பழத்துக்கு அடிக்கும் மருந்து இலையிலும் இருக்கும்.

மாடி ஏறும் முன்...

இனி கொஞ்சம் சீரியஸ். தமிழ்நாட்டில் மதுவிலக்குச் சட்டம் 1937-லிருந்து இருக்கிறது. சில்லறை மது விற்பனை அரசின் டாஸ்மாக் கையில். 21 வயது நிரம்பாதவர்களுக்கு மது கொடுக்கக் கூடாது. நம் வீட்டு மாடியில் ஆளுக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக்கொண்டு, 'ஒயின் ஃப்ரீ' என்று சொன்னாலும் அது உரிமம் இல்லாத விற்பனையாகத்தான் பார்க்கப்படும். முறையான வழி, பார் உரிமம் உள்ள ஹோட்டலோடு சேர்ந்து நடத்துவது. இல்லையென்றால், விருந்தைத் திராட்சைச் சாற்றோடு நிறுத்திக்கொள்வது. காசுக்குச் சாப்பாடு போட உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு வேண்டும். வெளிநாட்டவர் உங்கள் வீட்டிலேயே தங்கினால், 24 மணி நேரத்துக்குள் அவர் தங்கும் விவரத்தை அரசிடம் பதிய வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சங்கப் பாட்டில் இருப்பதால் மது நல்லதாகிவிடாது. பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொல்லிவிட்டது. குடியால் நொந்த வீடுகள் நம் தெருவிலேயே இருக்கின்றன. பரிமாறும் அக்கா ஒருவரின் வீடும் அப்படி இருக்கலாம். எனவே 'ஒரு சிப் அடிங்க ப்ரோ' என்று யாரையும் வற்புறுத்தாதீர்கள். 'வேண்டாம்' என்று ஒருமுறை சொன்னால் அதோடு விட்டுவிடுங்கள். பெண் பயணிகள் தனியாக வந்திருந்தால், திரும்பிப் போக ஆட்டோ ஏற்பாடு செய்வதும் விருந்தின் பகுதிதான். 750 மில்லி பாட்டிலில் ஐந்து கோப்பைதான் வரும். அதை வைத்துக் கணக்குப் போடுங்கள். குடித்தவர் வண்டிச்சாவியைத் தொடவே கூடாது.

ஒரு சொல், இரண்டு ஊர்

கிரேக்கத்தில் 'ஸெனோஸ்' என்றால் அந்நியர். அதே சொல்லுக்கு விருந்தாளி என்றும் பொருள். விருந்தோம்பலுக்கு அவர்கள் சொல்லும் 'ஃபிலோக்ஸெனியா'வைப் பிரித்தால், 'அந்நியர் மேல் அன்பு'.

தமிழுக்கு வாருங்கள். 'விருந்து' என்பதன் பழைய பொருள் புதுமை. புதிதாக இயற்றும் நூல் வகைக்கே தொல்காப்பியம் 'விருந்து' என்றுதான் பெயர் வைத்தது. அந்தப் புதுமை, வீட்டுக்குப் புதிதாக வந்தவருக்கு ஆகி, கடைசியில் அவருக்குப் போடும் சாப்பாட்டுக்கும் ஆனது. சொந்தக்காரர்களைக் கூப்பிட்டுப் பிரியாணி போடுவதை இன்று விருந்து என்கிறோம். முதலில் அந்தச் சொல் முகம் தெரியாத ஆளுக்குத்தான் சொந்தம்.

அடுத்த முறை மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில் ஒரு முதுகுப்பைக்காரர் வழி கேட்டால், வழியோடு நக்கீரர் கதையையும் சொல்லுங்கள். மாடியில் உட்காரவைத்து ஒரு முழம் மல்லி, ஒரு கோப்பை பன்னீர் திராட்சைச் சாறு கொடுத்தாலே போதும், அது விருந்துதான். கோப்பையை உயர்த்தும்போது கிரேக்கர்கள் சொல்வதையும் சொல்லிவிடுங்கள்: 'யா மாஸ்!' நம் ஆரோக்கியத்துக்கு என்று அர்த்தம். நம்ம ஊர்க் காதில் விழும்போது... செம மாஸ்தானே!