அழையாது புகும் எண்ணங்கள்

மனிதர் விரும்பி எண்ணுவன சில. விரும்பாமலே உள்ளத்திற் புகுவன பல. குழந்தையை ஏந்தி நிற்கும் தாய்க்கு அதனைக் கீழே எறிந்துவிடுவேனோ என்னும் எண்ணமும், சந்நிதியில் நிற்கும் அடியானுக்குத் தெய்வத்தை இகழும் சொல்லும் திடீரெனத் தோன்றுதல் உண்டு. பெரும்பாலார் அவற்றைப் பொருட்படுத்தார். சிலர்க்கோ அவை நீங்காத் துன்பமாகின்றன. அத்துன்பம் முற்றிய நிலையை எண்ணச் சுழற்சி நோய் என்பர்.

இதன் இயல்பை விளக்கச் சிறந்த சான்று, மோட்சப் பிரயாணம் இயற்றிய யோன் பனியன் என்னும் ஆங்கிலேயர் 1666ஆம் ஆண்டில் வெளியிட்ட தன்வரலாறாகும். இயேசுவை விற்றுவிடு என்னும் ஏவல் அவருள்ளத்தில் ஓராண்டளவு ஓயாது எழுந்தது. உண்ணும்போதும், ஊசியொன்றை எடுக்கக் குனியும்போதும், விறகு பிளக்கும்போதும் அது தொடர்ந்தது. விற்கேன் என அவர் மணிக்கணக்காக மறுத்துரைத்தார். மறுக்க மறுக்க ஏவல் ஓங்கியதேயன்றித் தணிந்திலது. ஒருநாட் காலை, களைத்த உள்ளத்தில், விரும்பின் அவர் போகட்டும் என்றோர் எண்ணம் கடந்து சென்றது. அதனையே தாம் செய்த பெரும்பாவமாகக் கொண்டு, மன்னிப்பு உண்டோ இல்லையோ எனத் திருமறை வாக்கியங்களை ஆராய்ந்து ஆராய்ந்து நெடுங்காலம் வாடினார்.

ஈண்டு இரண்டனைப் பிரித்தறிதல் வேண்டும். தானே புகுந்த எண்ணம் ஒன்று. அதற்கு விடை கூறி, அதன் பொருளை அசைபோடுதல் மற்றொன்று. முன்னையது பெரும்பாலார்க்கும் பொது. றக்மன் என்பாரும் இலங்கையரான பத்மல் த சில்வாவும் 1978இல் வெளியிட்ட ஆய்வில், நோயில்லாதாருள் ஏறத்தாழ ஐவரில் நால்வர் இத்தகைய எண்ணங்கள் தமக்கும் உண்டென்றனர். நோயாளரின் எண்ணங்கள் பொருளால் வேறுபட்டில; அடிக்கடி வருதலாலும், மிக வருத்துதலாலும், விலக்குதற்கு அரியனவாதலாலுமே வேறுபட்டன. ஆகவே தீய எண்ணம் தோன்றியமையால் ஒருவர் தீயவராகார். தம் பண்புக்கு மாறாயிருத்தலாலன்றோ அது அவரை வருத்துகின்றது? இஃதறியாது நாணி மறைப்போர் பலர்.

எண்ணத்தை வலிந்து அடக்கலும் பயன்தராது. 1987இல் அமெரிக்க உளவியலாளர் டானியல் உவெக்னரும் துணைவரும் மாணவர் சிலரை வெண்கரடியை நினையாதிருக்கப் பணித்தனர். அவர்களால் இயலவில்லை. பின்னர் நினைக்க விடுத்தபோது, முதலிலேயே நினைக்க விடப்பட்டோரினும் மிகுதியாக நினைத்தனர்.

ஆதலின் இக்கால மருத்துவம் எண்ணத்தோடு வாதிடச் சொல்வதில்லை. 1966இல் இலண்டனில் விக்டர் மெயர் வெளியிட்ட முறையினின்றும் வளர்ந்த பயிற்சியில், நோயாளர் அச்சந்தருவதனைப் படிப்படியாக எதிர்கொண்டு, வழக்கமான கழுவலையோ, ஓதலையோ, உள்ளத்துள் நிகழ்த்தும் ஆராய்ச்சியையோ செய்யாதிருக்கப் பழகுவர். எண்ணம் வந்ததென அறிந்து, ஐயத்தை ஐயமாகவே விட்டு, கையிலுள்ள தொழிலைத் தொடர்தலே அதன் சாரம். தொடக்கத்தில் அச்சம் ஓங்கும். விடைபெறாத ஐயம் நாளடைவில் வலிகுன்றும். நீ குற்றமற்றவன் என நாடோறும் உறுதி கூறும் சுற்றத்தார், அன்பினாலேயே நோய்க்கு இரையிடுகின்றனர். நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இப்போராட்டத்திற் கழியுமாயின் மனநல மருத்துவரை நாடுதல் நன்று. வேண்டுமிடத்து மருந்தும் துணையாகும்.

வீதியாற் செல்வோர் எழுப்பும் ஒலியெல்லாம் வீட்டார் பேச்சாகாதவாறுபோல, உள்ளத்தைக் கடந்து செல்லும் எண்ணமெல்லாம் ஒருவரின் கருத்தாகாது. ஒலி கேட்குந்தோறும் வாயிலுக்கு ஓடாதிருக்கப் பழகியவர்க்கு வீட்டினுள் அமைதி உண்டாம்.