பட்டமும் சான்றிதழும்: தட்டச்சை முன்வைத்துச் சில குறிப்புகள்

'பட்டம்' என்பது அரசனின் நெற்றியோடு சம்பந்தப்பட்ட சொல். நெற்றியில் கட்டும் பொன்தகடு பட்டம். அதைக் கட்டிக்கொண்டவன் அரசன். அவனுக்கு ஆளத் தெரியுமா என்று யாரும் பரீட்சை வைத்ததில்லை. 'சான்று' வேறு வகைச் சொல். சாட்சி, அத்தாட்சி. இன்னது உண்மை என்று சொல்வதோடு அதன் வேலை முடிந்தது. பல்கலைக்கழகம் தருவதைப் பட்டம் என்றும் தொழில் தேர்வு தருவதைச் சான்றிதழ் என்றும் நாம் பிரித்துச் சொல்வது தற்செயலாகவே இருக்கட்டும். அந்தப் பிரிவினையின் அரசியல் தற்செயலானதல்ல.

தட்டச்சை எடுத்துக்கொள்வோம். தமிழக அரசின் தொழில்நுட்பத் தேர்வில் லோயர் என்றால் நிமிடத்துக்கு 30 சொல், ஹையர் என்றால் 45. ஐந்து தட்டு ஒரு சொல். ஆக, பத்து நிமிடத்தில் ஹையர்காரர் 2250 தட்டுத் தட்டியாக வேண்டும். இந்தச் சான்றிதழ் எதற்குச் சாட்சி சொல்கிறது என்பதில் மர்மம் ஏதுமில்லை. தமிழ் எம்.ஏ. பட்டம் எதற்குச் சாட்சி? ஓர் ஓலைச்சுவடியைப் பிழையறப் படிக்கத் தெரியும் என்பதற்கா? ஒரு நூலைப் பதிப்பிக்க முடியும் என்பதற்கா? அது எதையும் சொல்வதில்லை. சொல்லாமலிருப்பதுதான் அதன் பலம். சான்றிதழ் செயலைக் குறிக்கிறது. பட்டம் ஆளையே குறிக்கிறது. கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பக்கத்தில் பி.ஏ. வரும், 'டைப் ஹையர்' வராது.

பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியூ, கல்வித் தகுதியைக் கலாச்சார மூலதனத்தின் நிறுவன வடிவம் என்கிறார். தானாகக் கற்றவன் ஒவ்வொரு தடவையும் தன்னை நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டும். பட்டதாரிக்கு அந்தத் தொல்லை கிடையாது. நிறுவனம் ஒரே தடவையில் உத்தரவாதம் கொடுத்துவிட்டது. உ.வே. சாமிநாதையர் குருவிடம் படித்தவர், பல்கலைக்கழகத்தில் படித்தவரல்ல. 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்த அவருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் கொடுத்தது 1932இல். அதனால் கௌரவம் அடைந்தது யார் என்பது வேறு கேள்வி.

அலுவலகத்தில் இந்தப் பிரிவினை படிநிலையாகிறது. அரசுத் தட்டச்சர் வேலைக்குப் பத்தாம் வகுப்பும் தட்டச்சுச் சான்றிதழும் போதும். அதிகாரி எழுதிய வாக்கியத்தின் பிழையைச் சத்தமில்லாமல் திருத்தித் தட்டுகிறவர் தட்டச்சர். கீழே கையெழுத்து அதிகாரியுடையது. மூளையின் பங்கு சிறிதுமில்லாத உடலுழைப்பு எதுவுமில்லை என்று கிராம்ஷி விளக்கியது இந்த இடத்துக்கும் பொருந்தும். சிந்திப்பது ஒருவர் வேலை, தட்டுவது இன்னொருவர் வேலை என்ற கற்பனையைக் கட்டிக்காப்பது பட்டம்.

சரி, அப்படியானால் பட்டம் வெறும் பம்மாத்து, எல்லோரும் தொழில் கற்றால் போதும் என்று சொல்லிவிடலாமா? இங்கேதான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டியிருக்கிறது. 1953இல் ராஜாஜியின் தொடக்கக் கல்வித் திட்டமும் தொழிலின் பெருமையைத்தான் பேசியது. பள்ளி மூன்று மணி நேரம், மீதிப் பொழுதில் பெற்றோரின் தொழில். அதைக் 'குலக்கல்வி' என்று பெயரிட்டு எதிர்த்தார்கள். 1954இல் ராஜாஜி பதவி விலக, காமராஜர் திட்டத்தைக் கைவிட்டார். 'பட்டம் வாங்கி என்ன கிழிக்கப்போறே, கைத்தொழில் கத்துக்கோ' என்ற அறிவுரையை யார், யாருக்குச் சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். மூன்று தலைமுறையாகப் பட்டம் வாங்கிய வீட்டார் தம் பிள்ளைக்கு இதைச் சொல்வது அபூர்வம். எதைச் செய்யத் தெரியும் என்று சொல்லாத அந்தக் காகிதம், குலத்தொழிலின் பெயரால் மட்டுமே அழைக்கப்பட்டவர்களுக்கு வேறொரு பெயரைத் தந்திருக்கிறது. அந்த வெற்றுத்தன்மையில் ஒரு விடுதலையும் உண்டு.

தட்டச்சுச் சான்றிதழும் இந்த வேலையைக் கொஞ்சம் செய்தது. தேர்வுத் தாளில் இருப்பது பதிவெண் மட்டுமே; பேச்சு, உடை, ஊர், தெரு எதுவும் அதில் தெரியாது. நேர்முகத் தேர்வில் நடப்பது நேர்மாறானது.

இன்று இரண்டும் கலக்கின்றன. 2022இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம் கல்லூரிக்குள்ளேயே திறன் பயிற்சியைக் கொண்டுவந்தது. கம்பெனிகள் தரும் சான்றிதழ்களோ காலாவதியாகின்றன. சிஸ்கோவின் சி.சி.என்.ஏ.வுக்கு ஆயுள் மூன்று வருஷம். பிறகு புதுப்பித்தாக வேண்டும். பட்டத்துக்குக் காலாவதி கிடையாது. 1980இல் வாங்கிய எம்.ஏ. இன்றைக்கும் எம்.ஏ.தான்; அவர் அதற்கப்புறம் ஒரு புத்தகத்தையும் தொடாவிட்டாலும்.

எனவே, எது உசத்தி என்பது தவறான கேள்வி. யார் ஒரே தடவை நிரூபித்தால் போதும், யார் ஆயுள் முழுக்க நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. பட்டத்தைப் பார்த்து 'உனக்கு என்ன செய்யத் தெரியும்' என்று கேட்க வேண்டும். சான்றிதழைப் பார்த்து அதைக் கேட்கத் தேவையில்லை, அதிலேயே எழுதியிருக்கிறது. 'இதற்கு மேல் ஏன் உன்னை வளரவிடவில்லை' என்று கேட்டால் போதும்.