தன் குரலை உருவாக்கிய கலைஞர்

நுழையும்முன்

ஒரு மொழியைப் பேசுவோர் அனைவரும் அதனை ஒரே விதமாகப் பேசுவதில்லை. ஊர் மாறினால் உச்சரிப்பும் மாறும். புதிய ஊருக்குச் செல்பவரின் பேச்சைக் கேட்டுச் சிலர் நகைப்பர். சிலர் வாய்ப்பையே மறுப்பர். அவ்வாறு பேச்சின் காரணமாகத் திருப்பி அனுப்பப்பட்ட ஓர் இளைஞர், பின்னாளில் அமெரிக்கத் திரையுலகின் முன்னணி நடிகரானார். அவர் தம் பேச்சை எவ்வாறு செம்மைப்படுத்தினார், அக்குரலை எதற்குப் பயன்படுத்தினார் என்பவற்றை இப்பாடம் கூறுகிறது.

தீவில் கழிந்த இளமை

சிட்னி பாய்ட்டியர் 1927-ஆம் ஆண்டு பிப்ரவரி 20-ஆம் நாள், அமெரிக்காவின் மயாமி நகரில் பிறந்தார். அவருடைய பெற்றோர் பஹாமாஸ் நாட்டின் கேட் தீவில் தக்காளி பயிரிட்டு வந்த உழவர்கள். விளைந்த தக்காளியை விற்பதற்காக மயாமிக்குச் சென்றிருந்தபோது, உரிய காலத்திற்கு முன்பே குழந்தை பிறந்தது. மிகச் சிறிய உருவுடன் பிறந்த அக்குழந்தை பிழைக்காது என்றே பலரும் எண்ணினர். தாய் மட்டும் நம்பிக்கையைக் கைவிடவில்லை. குழந்தை தேறியதும் குடும்பம் தீவுக்குத் திரும்பியது. அமெரிக்க மண்ணில் பிறந்தமையால் அந்நாட்டுக் குடியுரிமை அவருக்கு இயல்பாகவே கிடைத்தது.

கேட் தீவில் மின்விளக்கு இல்லை. பாய்ட்டியருக்கு ஏறத்தாழப் பத்து வயதானபோது, தக்காளி வாணிகம் நலிந்ததால் குடும்பம் தலைநகரான நாசோவுக்குக் குடிபெயர்ந்தது. மோட்டார் வண்டியையும் திரைப்படத்தையும் அவர் அங்குத்தான் முதன்முதலில் கண்டார். வறுமையின் காரணமாகப் பள்ளிப்படிப்பு இடையிலேயே நின்றது. 15-ஆம் வயதில் மயாமியில் இருந்த தமையனிடம் அனுப்பப்பட்டார். தீவில் பெரும்பாலோர் கறுப்பின மக்களாதலால், தோலின் நிறத்தைக் கொண்டு மனிதரை ஒதுக்கும் வழக்கத்தை அவர் அறிந்திருக்கவில்லை. மயாமியிலோ எந்த வாயிலில் நுழையலாம், எந்த இருக்கையில் அமரலாம் என்பதையெல்லாம் நிறமே முடிவுசெய்தது. அதனைப் பொறுக்காத அவர், 16-ஆம் வயதில் நியூயார்க் நகருக்குச் சென்றார்.

திருப்பி அனுப்பப்பட்ட நாள்

நியூயார்க்கில் அவருக்கு உறவினர் எவரும் இல்லை. உணவகங்களில் பாத்திரம் கழுவிப் பிழைத்தார். தங்க இடமின்றிக் கட்டடங்களின் மேல்தளத்தில் உறங்கிய இரவுகளும் உண்டு. வயதைக் கூட்டிச் சொல்லிச் சிறிது காலம் இராணுவத்திலும் பணியாற்றினார். அதன்பின் ஒருநாள், வேலை தேடிச் செய்தித்தாளைப் புரட்டியபோது, ஹார்லெம் பகுதியில் இயங்கிய கறுப்பினக் கலைஞர்களின் நாடகக் குழு ஒன்றுக்கு நடிகர்கள் தேவை என்னும் விளம்பரத்தைக் கண்டார். பாத்திரம் கழுவும் பணியைப் போல இதுவும் ஒரு வேலைதானே என்றெண்ணி அங்குச் சென்றார்.

நாடகப் பிரதி ஒன்றைக் கையில் கொடுத்து, மேடையேறிப் படிக்கச் சொன்னார்கள். அவரோ எழுத்துக் கூட்டிப் படிக்கும் நிலையில் இருந்தார். தீவின் உச்சரிப்பும் அவர் பேச்சில் மிகுதியாகக் கலந்திருந்தது. சில வரிகளுக்குள்ளாகவே தேர்வாளர் அவரை நிறுத்தி, மேடையிலிருந்து இறக்கி, வாயில்வரை தள்ளிக்கொண்டு சென்றார். பிறர் நேரத்தை வீணாக்காமல் பாத்திரம் கழுவும் வேலைக்குச் செல்லுமாறு கூறிக் கதவை அடைத்தார்.

தெருவில் நடந்துகொண்டே பாய்ட்டியர் சிந்தித்தார். தாம் பாத்திரம் கழுவுபவர் என்பதை அவர் அங்கு எவரிடமும் சொல்லவில்லை. தம்மைக் கண்டவுடனே, இவர் வாழ்நாள் முழுவதும் அதைத்தான் செய்வார் என்று ஒருவர் முடிவுகட்டிவிட்டார். அம்முடிவு தவறு என்பதை மெய்ப்பிக்க வேண்டும் என்னும் உறுதி அவர் உள்ளத்தில் எழுந்தது.

செய்தித்தாளும் வானொலியும்

நடிப்பைக் கற்பதற்கு முன் அவர் படிக்கவும் பேசவும் கற்க வேண்டியிருந்தது. அவர் வேலைபார்த்த உணவகத்தில், உணவு பரிமாறும் முதியவர் ஒருவர் இருந்தார். அவர் யூத இனத்தைச் சேர்ந்தவர். ஒருநாள் இரவு, செய்தித்தாளில் என்ன செய்தி என்று அவர் கேட்க, தமக்குச் சரியாகப் படிக்கத் தெரியாது என்று பாய்ட்டியர் ஒளிக்காமல் கூறினார். முதியவர் நகைக்கவில்லை. தம்முடன் அமர்ந்து படிக்குமாறு அழைத்தார்.

அன்று முதல் பல வாரங்கள், இரவு வேலை முடிந்தபின் இருவரும் ஒரே செய்தித்தாளின் முன் அமர்ந்தனர். அறியாத சொல்லின் பொருள், எழுத்தில் இருந்தும் ஒலிக்காத எழுத்து, காற்புள்ளி வருமிடத்தில் நிறுத்திப் படிக்கும் முறை என ஒவ்வொன்றையும் முதியவர் பொறுமையுடன் கற்பித்தார். அம்முதியவரை மீண்டும் கண்டு நன்றி கூற இயலாமற் போனதை எண்ணிப் பாய்ட்டியர் முதுமையிலும் வருந்தினார்.

உச்சரிப்புக்கு வானொலி ஆசிரியராயிற்று. தம் சிறு ஊதியத்தில் ஒரு வானொலிப் பெட்டியை வாங்கினார். அறிவிப்பாளர் கூறும் ஒவ்வொரு தொடரையும் அவ்வாறே திருப்பிச் சொல்லிப் பழகினார். பல மாதப் பயிற்சிக்குப்பின் அதே நாடகக் குழுவுக்கு மீண்டும் சென்றார். அங்குத் துப்புரவுப் பணியைச் செய்து தருவதாகவும், அதற்கு ஈடாக நடிப்புப் பயிற்சி அளிக்குமாறும் வேண்டினார். குழுவினர் இசைந்தனர்.

மேடையும் திரையும்

அக்குழுவின் நாடகம் ஒன்றில் முதன்மை வேடம் ஹாரி பெலஃபான்டே என்பவருக்குக் கிடைத்தது. அவர் வர இயலாத நாளில் அவ்வேடத்தை ஏற்கும் மாற்று நடிகராகப் பாய்ட்டியர் அமர்த்தப்பட்டார். ஒருநாள் ஒத்திகைக்குப் பெலஃபான்டே வரவில்லை. அன்று பாய்ட்டியர் நடித்ததைக் கண்ட இயக்குநர் ஒருவர், 1946-இல் பிராட்வே மேடையில் அவருக்குச் சிறு வேடம் அளித்தார். பெலஃபான்டே பின்னர்ப் புகழ்பெற்ற பாடகராகவும் பாய்ட்டியரின் வாழ்நாள் நண்பராகவும் விளங்கினார்.

1950-இல் வெளியான ‘நோ வே அவுட்’ என்னும் திரைப்படத்தில் பாய்ட்டியர் மருத்துவராக நடித்தார். அக்கால அமெரிக்கப் படங்களில் கறுப்பின நடிகர்களுக்குப் பெரும்பாலும் பணியாள் வேடமோ நகைச்சுவை வேடமோதான் கிடைத்தது. அதனால் கற்றறிந்த மருத்துவராக ஒரு கறுப்பின இளைஞர் தோன்றியது புதுமையாக இருந்தது.

மறுத்த வேடம்

1950-களின் நடுப்பகுதியில் அவருக்கு ஒரு படவாய்ப்பு வந்தது. வாரத்திற்கு 750 டாலர் ஊதியம். மகளைத் தீயோர் கொன்றபின்னும் எதிர்ப்பேதும் காட்டாத ஒரு தந்தையின் வேடம் அது. அப்போது பாய்ட்டியரின் மனைவி மகப்பேற்றை எதிர்நோக்கியிருந்தார். மருத்துவமனைச் செலவுக்குக்கூடக் கையில் பணம் இல்லை. ஆயினும் அவர் அவ்வேடத்தை மறுத்தார். வறுமையிலும் தலைநிமிர்ந்து வாழ்ந்த தம் தந்தை அத்தகையவர் அல்லர் என்பதும், தந்தையை இழிவுபடுத்தும் வேடத்தில் நடித்தல் ஆகாது என்பதும் அவர் கருத்து. வீட்டிலிருந்த மேசை, நாற்காலிகளை ஈடாக வைத்து 75 டாலர் கடன் பெற்று மருத்துவமனைச் செலவைச் சமாளித்தார்.

விருது தந்த வேடம்

1958-இல் வெளியான ‘தி டிஃபையன்ட் ஒன்ஸ்’ படத்தில், ஒரே சங்கிலியால் பிணைக்கப்பட்டுத் தப்பியோடும் கைதிகள் இருவருள் ஒருவராக நடித்தார். அப்படத்தின் வாயிலாக, சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்ட முதல் கறுப்பின ஆடவர் ஆனார்.

1963-இல் ‘லிலீஸ் ஆஃப் த ஃபீல்டு’ வெளிவந்தது. ஊர் ஊராகச் சென்று வேலைசெய்யும் தொழிலாளி ஒருவர், ஜெர்மன் மொழி பேசும் கன்னித்துறவியருக்குச் சிற்றாலயம் கட்டித் தருவதே கதை. அத்துறவியருக்கு அவர் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் காட்சியும் அதில் உண்டு. செலவு குறைந்த அப்படத்தின் படப்பிடிப்பு ஏறத்தாழ இரண்டு வாரங்களில் முடிந்தது. அவ்வேடத்திற்காக, 1964 ஏப்ரல் 13-ஆம் நாள் பாய்ட்டியர் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றார். அவ்விருதைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. பேசத் தெரியாதவர் என்று விரட்டப்பட்டவர், பிறருக்குப் பேசக் கற்பிக்கும் வேடத்திற்காகப் பாராட்டப்பட்டார்.

1967: மூன்று படங்கள்

1967-ஆம் ஆண்டில் அவருடைய மூன்று படங்கள் வெளியாயின. ‘டு சர், வித் லவ்’ படத்தில், இலண்டனின் ஏழ்மை மிக்க பகுதியில் அடங்காத மாணவர்களுக்குப் பாடம் நடத்தும் ஆசிரியராக நடித்தார். ‘கெஸ் ஹூஸ் கமிங் டு டின்னர்’ படம் கறுப்பின ஆணும் வெள்ளையினப் பெண்ணும் மணம்புரிய விரும்பும் கதையைக் கூறியது. அத்தகைய திருமணத்திற்கு அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் இருந்த தடைச் சட்டங்களை உச்ச நீதிமன்றம் நீக்கியதும் அதே ஆண்டு ஜூன் மாதத்தில்தான்.

மூன்றாவது படம் ‘இன் த ஹீட் ஆஃப் த நைட்’. அதில் அவருக்குக் காவல்துறைத் துப்பறிவாளர் வேடம். செல்வச் செருக்குடைய வெள்ளையினப் பண்ணையார் ஒருவர் துப்பறிவாளரின் கன்னத்தில் அறைவார். மறுநொடியே துப்பறிவாளர் அவரைத் திருப்பி அறைவார். அக்காட்சி அக்காலப் பார்வையாளரைத் திகைக்க வைத்தது.

அப்படத்தின் கதை மிசிசிபி மாநிலத்தில் நிகழ்வது. ஆனால் அங்குச் சென்று நடிக்கப் பாய்ட்டியர் இசையவில்லை. 1964-இல் கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காக உழைத்த தொண்டர்களிடம் 70,000 டாலரைச் சேர்ப்பிக்க, அவரும் பெலஃபான்டேவும் அம்மாநிலத்திற்குச் சென்றனர். அப்போது நிறவெறியர் வண்டிகளில் அவர்களைத் துரத்தினர். ஆகவே படத்தின் பெரும்பகுதி வடபுலத்து இல்லினாய் மாநிலத்தில் எடுக்கப்பட்டது. திரையில் திருப்பி அறையும் துணிவைக் காட்டிய நடிகர், திரைக்கு வெளியே அச்சமின்றி உறங்க இயலாத நாடாக அமெரிக்கா அன்று இருந்தது.

குறைகூறலும் பின்னைய பணியும்

அவர் ஏற்ற வேடங்கள் குறையே இல்லாத நல்லவர்களாகவே இருப்பதாகக் கறுப்பினத்தவர் சிலரே அக்காலத்தில் குறைகூறினர். கோபமும் குற்றமும் உடைய இயல்பான மனிதரைத் திரையில் காண அவர்கள் விரும்பினர். அக்குறையில் உண்மை உண்டு. எனினும், முன்னணிக் கறுப்பின நடிகராக ஏறத்தாழத் தனித்து நின்ற அவருடைய ஒவ்வொரு வேடமும் ஓர் இனத்தின் அடையாளமாகவே பார்க்கப்பட்டது. அச்சுமையின் கடுமையையும் மறத்தல் கூடாது. 1972-இல் ‘பக் அண்டு த பிரீச்சர்’ படத்தின் வாயிலாக அவர் இயக்குநரானார். பின்னர் நகைச்சுவைப் படங்களையும் இயக்கி வெற்றி கண்டார்.

1997 முதல் 2007 வரை ஜப்பானுக்கான பஹாமாஸ் தூதராகப் பணியாற்றினார். 2002-இல் அவருக்கு மதிப்புறு ஆஸ்கர் விருது வழங்கப்பட்டது. அதே மேடையில் டென்சல் வாஷிங்டன் சிறந்த நடிகர் விருதைப் பெற்றார். பாய்ட்டியருக்குப்பின் மற்றொரு கறுப்பினத்தவர் அவ்விருதைப் பெற 38 ஆண்டுகள் ஆயின. 2009-இல் அமெரிக்காவின் உயரிய குடிமக்கள் விருதையும் பெற்ற பாய்ட்டியர், 2022 ஜனவரி 6-ஆம் நாள், தம் 94-ஆம் வயதில் மறைந்தார்.

வானொலியைக் கேட்டு அவர் தம் உச்சரிப்பை மாற்றிக்கொண்டார். ஆயினும் தக்காளி பயிரிட்ட தந்தையின் மானத்தை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. புதிய மொழிநடை அவருக்குக் கதவைத் திறந்தது. உள்ளே சென்றபின் எதைப் பேசுவது, எதைப் பேச மறுப்பது என்பதை அவர் பிறந்த வீடு கற்றுத்தந்திருந்தது.

சொற்பொருள்

நலிதல் – குன்றுதல்
மெய்ப்பித்தல் – உண்மை என நிறுவுதல்
இசைதல் – உடன்படுதல்
ஈடு – கடனுக்குப் பிணையாக வைக்கும் பொருள்
செருக்கு – இறுமாப்பு

பயிற்சி

1. தேர்வாளரின் சொல் பாய்ட்டியரின் உள்ளத்தில் ஏன் உறுதியை விளைவித்தது?
2. முதியவர் பாய்ட்டியருக்குக் கற்பித்தவை யாவை?
3. பணத்தேவை இருந்தும் பாய்ட்டியர் ஒரு வேடத்தை மறுத்ததற்குக் காரணம் என்ன? அவர் செயல் சரியா? உம் கருத்தை எழுதுக.
4. செயல்பாடு: வேற்றூரிலிருந்து உங்கள் ஊருக்குக் குடிபெயர்ந்த ஒருவரிடம், புதிய மொழியைக் கற்ற பட்டறிவைக் கேட்டறிந்து பத்து வரிகளில் எழுதுக.