மொட்டை டயரின் மிச்சம்

"டயர் மொட்டையாயிருச்சு, மாத்திருங்க" என்கிறார் பஞ்சர் கடைக்காரர். மாற்றிவிடுகிறோம். தேய்ந்த ரப்பர் எங்கே போனது என்று யாரும் கேட்பதில்லை.

மதுரை காளவாசல் சிக்னல் ஓரம் ஒதுங்கிக் கிடக்கும் மண்ணில், பழைய ஸ்பீக்கர் காந்தத்தைப் பாலித்தீன் பையில் சுற்றி ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள். பையில் கறுப்புத் தூள் மயிர்போலச் சிலிர்த்து நிற்கும். ஆற்று மணலிலும் காந்தத்தில் ஒட்டும் கருமணல் உண்டுதான். ஆனால் ரோட்டோரத்தில் பிரேக் தேய்ந்து உதிர்ந்த இரும்பும் சேர்ந்துகொள்கிறது. இரும்பால் பயமில்லை. கூட வருகிறவர்கள்தான் ஆபத்து: பிரேக் லைனிங்கிலிருந்து செம்பும் ஆன்டிமனியும், டயர் ரப்பரை இறுக்கச் சேர்க்கும் துத்தநாக ஆக்சைடு, அதோடு ஒட்டிவரும் காட்மியம். பிரேக் பிடிக்கும் இடத்தில்தான் தேய்மானம் அதிகம். அதனால் ஓடும் ரோட்டைவிடச் சிக்னல் மோசம்.

ஈயத்தின் கதை வேறு. எஞ்சின் 'நாக்கிங்' அடிக்காமலிருக்கப் பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலந்தார்கள். 1921-இல் அமெரிக்காவில் கண்டுபிடித்த வித்தை. இந்தியா முழுக்க அதை நிறுத்தியது 2000 பிப்ரவரியில். புகை அன்றே போய்விட்டது, ஈயம் போகவில்லை. உலோகம் மக்காது, மேல்மண்ணில் சில அங்குலத்துக்குள் அப்படியே உட்கார்ந்திருக்கும். ரோட்டை விட்டுச் சில பத்து மீட்டர் தள்ளிப்போனால் அளவு மளமளவென்று குறையும்.

அளப்பது எப்படி? மண்ணைக் காயவைத்து, சலித்து, அமிலத்தில் கரைத்து, கரைசலைத் தீச்சுவாலையில் தெளிக்கிறார்கள். அந்தச் சுவாலை வழியே ஒளியைப் பாய்ச்சினால், ஒவ்வொரு உலோகமும் தனக்குரிய ஒளியை மட்டும் விழுங்கும். எவ்வளவு விழுங்கியதோ அவ்வளவு உலோகம்.

மண்ணுக்கு மண் வித்தியாசமும் உண்டு. திருமங்கலம் பக்கத்துக் கரிசல், களியும் சுண்ணாம்புமாக உலோகத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். மேலூர்ச் செம்மண்ணின் பிடி அவ்வளவு கெட்டியல்ல; வேருக்குச் சீக்கிரம் விட்டுக்கொடுக்கும். ஈயம் பெரும்பாலும் வேரோடு நின்றுவிடும், இலைமேல் தூசியாகத்தான் நமக்கு வரும். காட்மியம் அப்படியல்ல, தண்டேறி இலைக்கே வந்துவிடும்.

கீரையை நாலு தண்ணீரில் அலசினால் தூசி போகும், உள்ளே ஏறியது போகாது. மெயின் ரோட்டு வீட்டுக்காரர்கள் வாசலில் செம்பருத்தி வையுங்கள். கீரையை வேறிடத்து மண் கொண்டுவந்து மொட்டைமாடியில் போடுங்கள். தெருவில் விளையாடிவிட்டு வரும் பிள்ளை, கை கழுவாமல் முறுக்கை எடுக்க விடாதீர்கள்.