இங்கிலீஷ் வகுப்பில் தமிழுக்குத் தடையா?

நமது நாட்டு இங்கிலீஷ் பள்ளிக்கூடங்கள் பலவற்றில் ஒரு குழந்தை தமிழில் வாய் திறந்தால் கண்டிக்கப்படுகிறது. சிலவற்றில் அபராதமும் உண்டு. பெற்றோர்களோ இதனைக் குறையாக எண்ணாமல், பாடசாலையின் பெருமையாகவே மதிக்கிறார்கள். தாய்மொழியை வாசலில் நிறுத்தினாலன்றி அந்நிய பாஷை உள்ளே வராது என்ற இந்நம்பிக்கை எங்கிருந்து வந்தது? அது உண்மைதானா?

நாம் இங்கிலீஷுக்கு விரோதிகளல்லர். அப்பாஷையிலே பயின்று, அப்பாஷையிலே நியாயஸ்தலங்களில் வாதாடியவர்கள். ஆகையால் இது துவேஷத்தினால் எழுதப்படுவதென்று எவரும் கருத வேண்டுவதில்லை.

1835-ம் வருஷம் பிப்ரவரி மாதம் மெக்காலே தமது பிரசித்தி பெற்ற குறிப்பை எழுதினார். ஆளுவோருக்கும் ஆளப்படும் ஜனங்களுக்கும் இடையே துபாஷிகளாக நிற்கக்கூடிய ஒரு வகுப்பாரை உண்டாக்குவதே அவர் கருத்து. அடுத்த மாதமே பெண்டிங்க் பிரபு அதனை அங்கீகரித்தார். இங்கிலாந்திலேயே இங்கிலீஷ் இலக்கியம் தனிப் பாடமாக நிலைபெறுவதற்கு முன்னர் இந்தியாவில் அது பாடமாகி விட்டதென்று கௌரி விசுவநாதன் 1989-ல் வெளியிட்ட நூலில் விளக்கியிருக்கிறார். தம் பிள்ளைகளுக்கு வைக்காத பாடத்தை நமக்கு முதலில் வைத்தார்களென்றால், அதில் கல்வியோடு ஆட்சியின் நோக்கமும் கலந்திருந்தது என்பது வெளிப்படையன்றோ?

ஆட்சி 1947-ல் அகன்றது. போதனா முறையைப் பிடித்த மயக்கம் அகலவில்லை. 1961-ல் உகாண்டாவிலுள்ள மக்கரேரேயில் காமன்வெல்த் நாடுகளின் இங்கிலீஷ் போதனை மகாநாடு கூடிற்று. அங்கு உருப்பெற்ற கொள்கைகளை ராபர்ட் பிலிப்ஸன் என்ற அறிஞர் 1992-ல் ஐந்தாகத் தொகுத்துக் காட்டினார். இங்கிலீஷை இங்கிலீஷ் மூலமே போதிக்க வேண்டும். அதனைத் தாய்மொழியாகக் கொண்டவரே சிறந்த ஆசிரியர். எவ்வளவு இளமையில் தொடங்குகிறோமோ அவ்வளவு நலம். எவ்வளவு அதிகம் கற்பிக்கிறோமோ அவ்வளவு நலம். பிற பாஷை கலந்தால் தரம் குறையும். ஐந்தும் பிழையென்பதே அவருடைய முடிவு. இவற்றால் லாபமடைந்தவர் யாவர்? ஆசிரியர்களையும் பாடபுத்தகங்களையும் ஏற்றுமதி செய்த தேசத்தாரே.

தெரிந்ததைக் கொண்டு தெரியாததை அறிவது மனித இயல்பு. தமிழில் நாலு வார்த்தை சொன்னால் ஒரு நிமிஷத்தில் விளங்கும் இலக்கணத்தை, அரை மணி நேரம் அபிநயம் பிடித்து விளக்குவது என்ன சாமர்த்தியம்? வீட்டில் இங்கிலீஷ் பேசும் பிள்ளைக்கு இத்தடையால் நஷ்டமில்லை. குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்த பிள்ளையே வாயடைத்துப் போகிறது. சந்தேகம் கேட்க வழியில்லாத வகுப்பில் கல்வி ஏது?

யாழ்ப்பாணச் சர்வகலாசாலையில் இங்கிலீஷ் கற்பித்த சுரேஷ் கனகராஜா, தமது மாணவர்களைப் பற்றி 1999-ல் ஒரு நூல் வெளியிட்டார். யுத்தத்தின் நடுவே படித்த அவர்களுக்குக் கிடைத்தது அமெரிக்க வாழ்க்கையைச் சித்திரிக்கும் பாடபுத்தகம். அதன் ஓரங்களிலே அவர்கள் தமிழ்க் குறிப்புகளும் சித்திரங்களும் தீட்டி வைத்தார்கள். இங்கிலீஷ் அவர்களுக்கு வேண்டியிருந்தது. தங்கள் வாழ்க்கையைத் தீண்டாத போதனைதான் கசந்தது. அந்நிய பாஷையைத் துறக்காமலும் அதற்கு அடிமையாகாமலும், தன் தேவைக்கேற்ப அதனைத் தனதாக்கிக் கொள்ளலாம் என்பதே அந்நூலின் சாரம்.

நாம் வேண்டுவன மூன்று. தமிழ் பேசியதற்காகக் குழந்தையைத் தண்டிக்கும் வழக்கம் அடியோடு ஒழிய வேண்டும். பாடத்தை விளக்கத் தமிழைத் தாராளமாக உபயோகிக்கும் சுதந்திரம் உபாத்தியாயருக்கு இருக்க வேண்டும். இங்கிலீஷ் பாடபுத்தகத்தில் நமது வயலும் சந்தையும் ஆறும் இடம்பெற வேண்டும்.

இவற்றுக்காகச் சர்க்கார் உத்தரவை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டுவதில்லை. பிள்ளையைச் சேர்க்கப் போகும் தகப்பனார், "இங்கே தமிழ் பேசினால் அபராதமா?" என்று முதலில் கேட்கட்டும். ஆமென்று விடை வந்தால், பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பி விடட்டும். பத்துப் பேர் திரும்பினால் அவ்விதி பதினோராம் நாள் நில்லாது.