கூட்டு வாடகை ஒப்பந்தம்: நண்பர்கள் சேர்ந்து வீடு எடுக்கும்போது அறிந்திருக்க வேண்டியவை

லண்டனில் ஒருவரது வருமானத்தில் முழு வீடொன்றை வாடகைக்கு எடுப்பது பலருக்கும் இயலாத காரியம். ஆகவே மாணவர்களும் புதிதாக வேலையில் சேர்ந்தவர்களும் நண்பர்களோடு சேர்ந்து ஒரே வீட்டை எடுத்துக்கொள்கின்றனர். அவர்கள் அனைவரும் ஒரே ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டால், சட்டம் அவர்களை ஒரே வாடகையாளராகக் கருதும். இதனால் இரண்டு முக்கிய விளைவுகள் உண்டு. முதலாவது, ஒவ்வொருவரும் முழு வாடகைக்கும் பொறுப்பாவர். இரண்டாவது, அவர்களுள் எவர் ஒருவரும் அனைவரது வாடகை உரிமையையும் முடிவுக்குக் கொண்டுவர முடியும்.

கூட்டு ஒப்பந்தமா, தனி ஒப்பந்தமா?

ஒரே வீட்டில் வசிப்பதால் மட்டும் ஒருவர் கூட்டு வாடகையாளர் ஆகிவிடுவதில்லை. வட லண்டனில் நான்கு படுக்கையறை கொண்ட ஒரு வீட்டில் வசித்த நால்வர், வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு வாடகைக்குத் தனித்தனி ஒப்பந்தங்கள் செய்திருந்தனர். அவர்கள் கூட்டு வாடகையாளர் அல்லர் என்று 1988 இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. எனவே ஒப்பந்தத்தில் யார் யாருடைய பெயர்கள் உள்ளன, வாடகை ஒரே தொகையாகவா தனித்தனியாகவா குறிக்கப்பட்டுள்ளது என்பவற்றை முதலில் பார்க்க வேண்டும்.

முழு வாடகைக்கும் ஒவ்வொருவரும் பொறுப்பு

மூன்று நண்பர்கள் மாதம் 1,800 பவுண் வாடகைக்கு ஒரு வீட்டை எடுத்து, ஆளுக்கு 600 பவுணாகப் பகிர்ந்துகொள்வதாக வைத்துக்கொள்வோம். அந்தப் பகிர்வு அவர்களுக்கிடையிலான ஏற்பாடு மட்டுமே. ஒருவர் சொல்லாமல் வெளியேறினால், வீட்டு உரிமையாளர் முழு 1,800 பவுணையும் எஞ்சிய இருவரிடமோ, அவர்களுள் ஒருவரிடமோ கோரலாம். வெளியேறியவரின் பொறுப்பும் அதனால் நீங்கிவிடாது. ஒருவர் ஏற்படுத்திய சேதத்துக்கான தொகை, அனைவரது வைப்புப் பணத்திலிருந்தும் கழிக்கப்படலாம்.

பிள்ளைக்காகப் பிணை நிற்கும் பெற்றோர் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். பிணைப் பத்திரத்தில் வரம்பு குறிப்பிடப்படாவிடின், அவர்கள் பிள்ளையின் பங்கிற்கு மட்டுமன்றி முழு வாடகைக்கும் பொறுப்பாக நேரலாம்.

ஒருவர் அறிவித்தல் கொடுத்தால்

ஹாமர்ஸ்மித் அன்ட் ஃபுல்ஹாம் கவுன்சிலின் வீடொன்றில் வாரவாடகைக்கு ஒரு சோடி கூட்டாகக் குடியிருந்தது. உறவு முறிந்தபின், ஆணுக்குத் தெரியாமல் பெண் வாடகை முடிவு அறிவித்தலைக் கொடுத்தார். அந்த அறிவித்தல் செல்லும் என்றும், இருவரது உரிமையும் முடிந்துவிட்டது என்றும் 1991 இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது.

முன்னர், குறித்த காலத்துக்கான ஒப்பந்தம் நடைமுறையில் உள்ளவரை ஒருவர் மட்டும் இவ்வாறு செய்ய இயலாது. 2025 ஆம் ஆண்டின் வாடகையாளர் உரிமைச் சட்டம், 2026 மே 1 முதல் இங்கிலாந்தின் தனியார் வாடகைகளில் குறித்த கால ஒப்பந்தங்களை நீக்கியுள்ளது. கூட்டு வாடகையாளருள் ஒருவர் இரண்டு மாத எழுத்து மூல அறிவித்தல் கொடுத்தால், அனைவரது வாடகையுரிமையும் முடிவடையும். எஞ்சியோர் அங்கேயே தொடர விரும்பினால், உரிமையாளருடன் புதிய ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும்.

ஆகவே வெளியேற நினைப்பவர், அறிவித்தல் கொடுப்பதற்கு முன் மற்றவர்களுடன் பேசுவது அவசியம். அவரது இடத்துக்கு வேறொருவரைச் சேர்ப்பதாயின் உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் பெற வேண்டும். பழைய வைப்புப் பணத்தில் யாருடைய பங்கு யாருக்குச் சேரும் என்பதையும் அப்போதே தீர்த்துக்கொள்வது நல்லது.

வீட்டை வாடகைக்கு விடுவோர் கவனிக்க வேண்டியவை

• ஒரே குடும்பத்தைச் சேராத மூவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் சமையலறையையோ குளியலறையையோ பகிர்ந்து வசித்தால், அவ்வீடு பல குடும்பத்தார் வசிக்கும் வீடாகக் கருதப்படும். ஐவர் அல்லது அதற்கு மேற்பட்டோராயின் கவுன்சிலின் உரிமம் கட்டாயம். லண்டனின் பல பகுதிகளில் மூவருக்கும் நால்வருக்கும்கூட உரிமம் தேவை.

• உரிமமின்றி வாடகைக்கு விடுவது குற்றம். பெற்ற வாடகையைத் திருப்பிக் கொடுக்குமாறு தீர்ப்பாயம் உத்தரவிடலாம்.

• ஆண்டு வாடகை 50,000 பவுணுக்குக் குறைவாயின், வைப்புப் பணம் ஐந்து வார வாடகையை மீறக்கூடாது. மேற்கூறிய 1,800 பவுண் வாடகைக்கு அது ஏறத்தாழ 2,076 பவுண். அதனைப் பெற்ற 30 நாட்களுக்குள் அங்கீகரிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டமொன்றில் பதிய வேண்டும்.

கவுன்சில் வரி

முழு வீட்டையும் கூட்டாக எடுத்தவர்கள், பொதுவாகக் கவுன்சில் வரிக்கும் கூட்டாகவே பொறுப்பாவர். வசிப்போர் அனைவரும் முழுநேர மாணவராயின் விலக்குப் பெறலாம். ஒருவர் மட்டும் மாணவர் அல்லாதவராயின் 25 சதவீதத் தள்ளுபடி கிடைக்கலாம். இவற்றுக்குக் கவுன்சிலிடம் விண்ணப்பிக்க வேண்டும்.

கையொப்பமிடுவதற்கு முன்

வாடகைப் பங்கு, வைப்புப் பணப் பங்கு, மின்சாரம் மற்றும் எரிவாயுக் கட்டணம், வெளியேற விரும்புபவர் எவ்வளவு காலம் முன்னதாக நண்பர்களுக்குச் சொல்ல வேண்டும் என்பவற்றை ஒரு தாளில் எழுதி, அனைவரும் கையொப்பமிட்டு வைத்துக்கொள்வது நன்று. அத்தாள் உரிமையாளரைக் கட்டுப்படுத்தாது. ஆயினும் நண்பர்களுக்கிடையே பின்னர் தகராறு எழுந்தால், அதுவே சான்றாகும்.

56 நாட்களுக்குள் வீட்டை இழக்கக்கூடிய நிலை ஏற்பட்டால், தாமதிக்காமல் கவுன்சிலின் வீட்டுவசதிப் பிரிவை அணுக வேண்டும். சிட்டிசன்ஸ் அட்வைஸ், ஷெல்டர் ஆகிய அமைப்புகளும் இலவச ஆலோசனை வழங்குகின்றன. ஆங்கிலத்தில் பேசத் தயங்குவோர், தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவை என்பதை முதலிலேயே தெரிவிக்கலாம்.